மனு வராத தெரு

இந்த ஆண்டு குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். வால்வு, குழாயின் அளவு, நீரழுத்தம் எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று மழைக்காலம் போய்விட்டது. எனக்குத் தெரிந்த பாதி விஷயம் அதற்குள் பழசாகிவிட்டது. பழசாகாமல் என்னிடம் மிச்சம் இருப்பது நான் செய்த ஒரு தப்பு. அதை உங்களிடம் ஒப்படைத்துவிட்டால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற ஆள். அலுவலகத்தில் எனக்கு நித்திராதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். என் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். இந்தக் குணம் எனக்கு வேலையிலிருந்து வந்ததா, இந்தக் குணத்தால்தான் அந்த வேலை பிடித்துப்போனதா என்று தெரியவில்லை. சேர்ந்த புதிதில் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க விடியற்காலையில் போவோம். நீளமான இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றி, மேல் முனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பூமிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். கசிவு இருக்கிற இடத்தில் அது கொஞ்சம் சீறும். கசிவு இல்லாத இடத்தில் யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல மெதுவாக, விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கசிவைத் தேடி வந்ததை மறந்துவிட்டு நான் அந்தச் சத்தத்தில் நின்றுவிடுவேன். பால்காரர் சைக்கிள் மணி அடித்தால்தான் நினைவு வரும்.

அப்படிப்பட்டவளை உதவிப் பொறியாளர் ஆக்கி, தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன உள்ளாட்சி அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். தப்பு என்னுடையது, கட்டடத்துடையது அல்ல.

அங்கே எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். நேர்மையானவர். மதியச் சாப்பாட்டை நாலு வாயில் முடித்துவிட்டு மறுபடி கோப்பைத் திறப்பவர். அவருடைய முறை எளிமையானது. காலையில் வந்த மனுக்களைத் தெருவாரியாகப் பிரித்து மேசைமேல் அடுக்குவார். எந்த அடுக்கு உயரமோ அந்தத் தெருவுக்கு முதல் தண்ணீர் லாரி. புதுக் குழாய் போடுவதற்கும் அதே கணக்குதான்.

"மனு வரலன்னா அந்தத் தெருவுல தண்ணி வருதுன்னு அர்த்தம்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இருக்கிற தண்ணீர் எப்போதும் போதாது. போதாததைப் பங்கு போட ஏதாவது ஒரு முறை வேண்டும். இன்றைக்கு உங்கள் மேசையில் காகித அடுக்கு இல்லை. கைப்பேசியில் புகார் வருகிறது, திரையில் தெருக்கள் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிகின்றன. சிவப்பைப் பார்த்து ஓடுகிறீர்கள். நானும் ஓடியவள்தான். நான் சொல்லப்போவது ஒரு பச்சைத் தெருவைப் பற்றி.

அதைக் கிணத்தடித் தெரு என்று வைத்துக்கொள்வோம். மாடம்பாக்கம் கோயில் பக்கம் போகிற பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்கி, இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கும் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் வரும். முப்பத்தெட்டு வீடுகள். முதலில் அங்கே குடிவந்தவர்களுக்குச் சாலையும் இல்லை, குழாயும் இல்லை. யார் வாசலிலும் போய் நிற்காமல் அவர்களே சேர்ந்து ஒரு பொதுக்கிணறு வெட்டினார்கள். மோட்டார் வைத்தார்கள். ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தார்கள்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மோட்டார் அறையின் சாவி ஒரு வீட்டில் ஒரு வாரம் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை அது அடுத்த வீட்டுக்குப் போகும். சாவி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டார்தான் அந்த வாரம் முழுக்க மோட்டார் போட வேண்டும். தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்ட பிறகுதான் தங்கள் வீட்டுக் குழாயைத் திறக்க வேண்டும். கல்யாணமோ நோன்போ, அந்த வாரம் அவர்களுக்குக் கடைசித் தண்ணீர்தான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

முதல் முறை அங்கே போனபோது எனக்கு இதையெல்லாம் சொன்னவர் காதர் பாய். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்ந்தவர். மோட்டார் பழுதானால் பிரிப்பதும் பூட்டுவதும் அவர்தான். குறைவாகத்தான் பேசுவார். பேச வேண்டிய மிச்சத்தை எதிர்வீட்டு விஜயா அக்கா பேசிவிடுவார். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவர். காலையில் சாலை முனையில் மீன் விற்பார், மத்தியானத்துக்குமேல் தெருவை நடத்துவார்.

"இன்னா மேடம் அப்டி பாத்துகினு கீறீங்க? எங்க கெணறு உங்க ஆபீசுக்கு ஒரு தொந்தரவும் குடுக்காது. பயப்படாதீங்க" என்றார்.

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிய வெயில் நேராக உள்ளே இறங்கியிருந்தது. அடியில் ஒரு வட்ட வானம் கிடந்தது. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்குமேல் வட்டமடித்தது. கிணற்றுக்குள்ளும் அது சத்தமில்லாமல் குறுக்கே நீந்திப் போனது. காதர் பாயின் மகள் ஷமீம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் உப்பும் கொஞ்சம் இரும்பும் கலந்த ருசி. அந்தப் பகுதித் தண்ணீர் எல்லாமே அப்படித்தான். ஆனால் நான் அதைக் குடித்தபோது இந்த ஊரில் நல்ல மனிதர்கள் எப்படி வாழ வேண்டுமோ அப்படி வாழ்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அந்தத் தெருமேல் காதல் வந்துவிட்டது. இதைவிட நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது அங்கே போவேன். வேலை இருக்காது. மற்ற தெருக்களில் குடத்தை நீட்டி என்னைத் திட்டுவார்கள், இங்கே வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் அரை மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது. ஷமீம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரவிக்கை தைப்பாள். தாய் இல்லாத பெண். கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் கணவரோடு அங்கேயே இருந்தாள். கணவருக்கு மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. தையல் இயந்திரச் சத்தமும் மோட்டார் சத்தமும் ஒன்றாகக் கலந்து வரும். எனக்கு அது தாலாட்டாக இருந்தது.

போகிற இடமெல்லாம் அந்தத் தெருவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். மனு கொடுக்க வருகிறவர்களிடம், "எல்லாத்துக்கும் ஆபீஸையே நம்பினா எப்படி? கிணத்தடித் தெருவைப் போய்ப் பாருங்க" என்று உபதேசம் செய்தேன். அவர்களைச் சோம்பேறிகள் என்று மனசுக்குள் நினைத்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

பிறகு புதுக் குழாய்த் திட்டம் வந்தது. ஏழு தெருக்களுக்குக் குழாய் கேட்டிருந்தோம். ஆறு தெருக்களுக்குத்தான் வந்தது. ஒரு தெருவை அடுத்த கட்டத்துக்குத் தள்ள வேண்டும். எந்தத் தெரு என்று என் அதிகாரி என்னிடம் விட்டுவிட்டார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆறு தெருக்களுக்கு அடுக்கடுக்காக மனு இருந்தது. கிணத்தடித் தெருவுக்கு ஒரு காகிதம்கூட இல்லை. அவர்களால் சமாளிக்க முடியும், சமாளிப்பவர்களுக்கு என்ன அவசரம் என்று முடிவெடுத்தேன்.

திட்ட வேலையில் இரண்டு மாதமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று, வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டுப் போனேன். மாசி மாதக் கடைசி. வெயில் இன்னும் கடுமையாகவில்லை. காதர் பாய் கேட்டுக்கொண்டார். சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"பரவாயில்ல மேடம். இல்லாதவங்களுக்கு முதல்ல குடுங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

விஜயா அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதர் பாய் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எதற்கும் வாய் மூடாதவர் அன்றைக்கு ஏன் வாயை மூடினார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஷமீம் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆறு மாதக் கர்ப்பம், மெல்ல நடந்து வந்தாள். குடித்தேன். உப்பும் இல்லை, இரும்பும் இல்லை. தண்ணீர் அவ்வளவு இதமாக இருந்தது. வருடம் போகப்போகக் கிணறு இனித்துவிட்டது என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே மயங்கி, பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். தண்ணீரையே தொழிலாகக் கொண்ட ஒரு பொறியாளர், கோடைக்கு முன்னால் ஒரு கிணறு தானாக இனிக்காது என்று தெரிந்தவள், இப்படி நினைத்தேன்.

சித்திரை பிறந்து சில நாள் இருக்கும். காலையில் அலுவலகம் திறந்ததுமே கூட்டம். வரிசையின் கடைசியில் காதர் பாய் நின்றார், பக்கத்தில் விஜயா அக்கா. காதர் பாயை அந்தக் கட்டடத்துக்குள் நான் பார்த்ததே இல்லை. தெரிந்தவர் வந்த சந்தோஷத்தில் எழுந்து போய்க் கூப்பிட்டேன். அவர் வரிசையை விட்டு வர மறுத்தார். தன் முறை வரும்வரை நின்றார். பிறகு என் மேசைக்கு முன்னால் வந்தார்.

"மனு எழுதணுமாமே. ஒரு பேப்பர் குடுங்க மேடம்" என்றார்.

கொடுத்தேன். அனுப்புநர் என்று எழுதினார். தன் பெயரை எழுதினார். பேனாவை வைத்துவிட்டார். பட்டறையில் தீப்பொறிக்கு நடுவில் முப்பது வருடம் நின்ற கை, அதற்குமேல் ஒரு வரி எழுதவில்லை.

விஜயா அக்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "நான் சொல்றேன் மேடம். இவரு சொல்ல மாட்டாரு. கெணத்துத் தண்ணி கெட்டுப்போய் மூணு மாசம் ஆவுது. அந்தாண்ட புதுசா கட்டி ஜனம் குடி வந்துச்சே ஃபிளாட், அவுங்க கக்கூஸ் தொட்டி கசிஞ்சு கெணத்துக்கு வருது. மொதல்ல வாட அடிச்சுது. காய்ச்சிக் குடிச்சோம். நாலு வூட்டுல மஞ்சக்காமாலை. இப்ப நம்ம ஷமீமு ஆஸ்பத்திரியில கீது. கண்ணெல்லாம் மஞ்சளு. ஏழு மாசம் மேடம் அதுக்கு."

"காய்ச்சிக் குடிச்சீங்கன்னு சொன்னீங்களே அக்கா" என்றேன்.

"குடிக்கத்தான காய்ச்சுனோம். அரிசி களையறது, ஏனம் கழுவறது, வாய் கொப்புளிக்கறது எல்லாம் அதே தண்ணிதான?"

"நான் போன மாசம்கூட வந்தேனே. தண்ணி குடிச்சேனே. நல்லா இருந்துச்சே."

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அது கேன் தண்ணி மேடம். நீங்க வர்றீங்கன்னா எந்த வூட்டுலயாச்சும் ஒரு கேன் வாங்கியாந்து வைப்போம். வந்தவங்களுக்கு கெட்ட தண்ணியா குடுப்பாங்க?"

அவமானம் என்று நீங்கள் எதையெல்லாமோ சொல்வீர்கள். எனக்கு அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

"இவ்வளவு நாள் ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன். அந்தக் கேள்விகூட அவர்மேல் பழி போடுவதுதான்.

"யாருகிட்டயும் கை ஏந்தாம நடத்திட்டோம் மேடம். கடைசியில வந்து கை ஏந்தறதான்னு இருந்துச்சு. நீங்க வேற எல்லார்கிட்டயும் எங்களப் பத்திப் பெருமையா சொல்லிட்டிருந்தீங்க" என்றார்.

"இது கை ஏந்தறதா பாய்?" என்று விஜயா அக்கா அடக்கமாட்டாமல் கேட்டார். "நாமளும் இந்த ஊர்லதான கீறோம்? ஊருக்கு வர்ற தண்ணி நமக்கும்தான? நாம பிச்சையா கேக்கறோம்?"

அக்கா சொன்னதைத்தான் நான் அந்தத் தெருவுக்கு முதல் நாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று காலை என் கையில் ஒரே ஒரு லாரி இருந்தது. அது ஆறு தெருக்களில் ஒன்றுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது. அங்கே குழாய் புதைத்தாகிவிட்டது, இணைப்பு கொடுக்க இன்னும் நாள் இருந்தது. மூன்று நாளாக அவர்கள் அந்த லாரிக்குக் காத்திருந்தார்கள். என் அதிகாரி சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில் பிடித்தேன்.

"மனு இருக்காம்மா?" என்றார்.

"எழுதிட்டிருக்காங்க சார்."

"மனு இல்லாம லாரியத் திருப்பினா அந்தத் தெரு ஆளுங்க ரோட்டுல உக்காருவாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கேட்டது நியாயம்தான். காதர் பாய் பெயருக்குக் கீழே காலியாகக் கிடந்த காகிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெறுநர் என்று எழுதி, அதன் கீழே என் பதவியை நானே எழுதினேன். கிணறு கெட்டதை எழுதினேன், காமாலை வந்த வீடுகளை எழுதினேன். எங்கள் தெரு குழாய்த் திட்டத்திலிருந்து உதவிப் பொறியாளரின் முடிவால் நீக்கப்பட்டது, அவர் எங்களிடம் எதையும் விசாரிக்கவில்லை என்றும் எழுதினேன். என்மேல் நானே எழுதிய புகார் அது.

படித்துப் பார்த்த காதர் பாய் கையெழுத்துப் போடாமல் நின்றார். "இந்தக் கடைசி வரி வேணாம் மேடம். உங்க பேரு கெடும்" என்றார்.

மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இவர் என் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறார். "உண்மைதான பாய், போடுங்க" என்றேன். போட்டார்.

லாரி நிற்க வேண்டிய தெருவுக்கு நானே போனேன். அவர்களிடம் சொல்லாமல் வண்டியைத் திருப்பியிருக்கலாம். டிரைவர் அதைத்தான் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு பெண்கள் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். கால் மணி நேரம் திட்டு வாங்கினேன். நான் யாரைச் சோம்பேறிகள் என்று நினைத்தேனோ அவர்கள்தான். மூலையில் தண்ணீர் டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எல்லாம் ஓய்ந்த பிறகு எழுந்து வந்தார். எல்லாரையும்விட அதிகமாக மனு கொடுத்தவர் அவர்தான். அவர் கையெழுத்தே எனக்கு மனப்பாடம்.

"புள்ளத்தாச்சி இருக்கற தெருவா? இத மொதல்ல சொல்றதுக்கு என்ன?" என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இன்னிக்கு ஒரு நாளு வுடுங்கடி. நாளைக்கு வரலன்னா நான் இந்த மேடத்த வுட மாட்டேன்" என்றார்.

மறுநாள் லாரி போனது. போகும்வரை அந்த அம்மா எனக்கு நாலு முறை போன் செய்தார். கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கவும் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சொந்தக் காலில் நிற்பவர்கள், ஆபீஸை நம்பி இருப்பவர்கள் என்று நான் கோடு கிழித்து வைத்திருந்தேன். அப்படி ஒரு கோடு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

லாரி கிணத்தடித் தெருவுக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். இனிமேல்தான் கஷ்டமான வேலை. கிணற்றை நிறுத்த வேண்டும். மருந்து போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். தோண்டியவர்களின் பிள்ளைகள் அவர்கள். கசிவை அடைக்கும்வரை அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் போகக் கூடாது என்றேன். நீ யார் எங்கள் கிணற்றை மூட என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. இத்தனை வருடம் நான் அங்கே வந்து தண்ணீர் குடித்ததைத் தவிர வேறு என்ன செய்தேன்?

அந்த வாரம் மோட்டார் சாவி விஜயா அக்கா வீட்டில் இருந்தது. அக்கா எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டும் முன் காதர் பாய் அதை வாங்கிக்கொண்டார். மோட்டார் அறைக்குள் போய் ஃபியூஸைப் பிடுங்கி வெளியே கொண்டுவந்தார். மேலே பயிற்சி விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. அந்தத் தெருவில் நான் நின்றிருந்த எல்லா மத்தியானங்களும் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் கலைந்து போயின.

"வந்து புடிங்க தண்ணிய. கடைசி வூட்டுக்காரங்க மொதல்ல வாங்க" என்று விஜயா அக்கா குரல் கொடுத்தார். ஜனங்கள் குடத்தோடு நகர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஷமீம் மயக்கத்தில் இருந்தாள். காய்ச்சலில் உதடு காய்ந்திருந்தது. அவள் கணவர் தொழிற்சாலைச் சீருடையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். வணக்கம் சொன்னார். அதுவும் என்னைச் சுட்டது. பத்து நாள் அவள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். பிழைத்துவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதும்போதும் கை நிற்கிறது. கசிந்தது அந்தக் கட்டடத்தின் தொட்டி, கெட்டது கிணறு, வந்தது நோய் என்று கூட வேலை பார்த்தவர்கள் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். மாசியில் நான் அந்தத் தெருவைப் பட்டியலில் வைத்திருந்தாலும் உடனே குழாய் வந்திருக்காது என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் அந்த டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாசியிலேயே லாரி போயிருக்கும். இதற்கு யார் சமாதானம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

என்மேல் விசாரணை வந்தது, விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை கொடுத்தார்கள். என் அதிகாரி எனக்காகப் பேசினார். நான் அவரிடம் வேண்டாம் என்றேன். ஆடிக்குள் கிணத்தடித் தெருவுக்குக் குழாய் போட்டோம். அடுக்குமாடிக்காரர்களைத் தொட்டியைச் சரி செய்ய வைத்தோம். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் அதை இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் கிணறு, அப்படித்தான் இருக்க வேண்டும். விஜயா அக்கா இப்போது அலுவலகத்துக்கு வரப் பழகிவிட்டார். தண்ணீர் அரை மணி நேரம் தாமதமானால் போதும், மீன் கூடையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து நிற்பார். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் கிலி.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். திரையில் பச்சையாகத் தெரிகிற தெருவுக்கு மாதம் ஒரு நாளாவது நடந்து போங்கள். போய், என்னைப் போல மயங்கி நிற்காதீர்கள். சமாளிக்கிறவர்களை மெச்சுங்கள், அது தப்பில்லை. மெச்சிவிட்டு, எதை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். அதை யாரிடம் கேட்பது என்பது இன்னொரு விஷயம். அதை எனக்குச் சொன்னது ஷமீம்தான்.

குழாயில் தண்ணீர் வந்து ஒரு மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். அத்தனை நாள் போகத் துணிவு வரவில்லை. காதர் பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள், உட்காரச் சொன்னாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மடியில் இருந்த துணியை மடித்து வைத்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"எங்க வீட்டுக்கு எத்தனை தடவ வந்திருப்பீங்க?"

"நெறைய தடவ."

"ஒரு தடவகூட தண்ணி எப்படி இருக்குன்னு என்கிட்ட நீங்க கேட்டதில்ல."

"கேட்டிருந்தா நீயும் உங்க அத்தா மாதிரி பரவாயில்லன்னுதானே சொல்லியிருப்ப?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "அத்தா அப்படித்தான் சொல்லுவார். ஆனா காலையில எழுந்து அந்த வாடையில நின்னு தண்ணி காய்ச்சினது நான். என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் மேடம்."

அவள் சொல்லியிருப்பாள் என்றுதான் நானும் நினைக்கிறேன்.